குப்பை என்று கூட்டி அள்ளிய கொத்துகள்

எப்படி விழுந்தார் என்று தெரிந்துகொள்ளத்தானே வந்தீர்கள்? வெட்கமாக இல்லையா? ஆஸ்பத்திரி நடையில் நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும், ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் கேட்டார்கள். பாறையில் வழுக்கி விழுந்தார். போதுமா? தேங்காய் எப்படி விழுமோ அப்படி விழுந்தார். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை ஒரே ஒரு டாக்டர்தான் கேட்டார். அதுவும் என்னைத் திட்டுவதற்காகக் கேட்டார்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் ஏசுகிற இடங்களில் அவள் பேனா மெதுவாகிவிடுகிறது. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். எலும்பு வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், தனியாக வேலைக்குப் போகிற ஆளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் பழத்தை வைத்துவிட்டுப் போகலாம்.

நயா பைசா வந்த புதுசு. எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு சீசன் பங்களாவில் என் வீட்டுக்காரருக்கு வேலை. அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். சொல்லாமல் இருந்தும் பாதி ஆயுசு போகப் பார்த்தது.

சாரல் காலத்தில் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து அந்தப் பங்களாவில் தங்குவார்கள். அருவியில் ஒரு குளியல், திரும்பி வந்து ஒரு குளியல். அந்த இரண்டாவது குளியலுக்கான தண்ணீர் மலை ஓடையிலிருந்து ஒரு சின்னக் கல் வாய்க்கால் வழியாக இறங்கிப் பின்புறத் தொட்டிக்கு வரும். தொட்டி வாயில் குப்பையைத் தடுக்க ஒரு கம்பி வலை. மேலே, வாய்க்கால் தொடங்குகிற இடத்தில், மணலும் சருகும் வந்து அடைத்துக்கொள்ளும். மழை பெய்யப் பெய்ய அடைக்கும். ஏறிப்போய் அதை எடுத்துவிட வேண்டும். அதுதான் அவர் வேலை.

முன்பு இரண்டு பேர் பார்த்த வேலை அது. இவர் மேலே ஏறுவார். சம்முகம் அண்ணாச்சி கீழே தொட்டியருகில் நிற்பார். தண்ணீர் இரைச்சலில் மேலே கத்துவது கீழே கேட்காது. அதனால் அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் இவர் கைக்கெட்டிய செடியில் நாலு இலையைப் பறித்து, கீரைக்கட்டு மாதிரி நாரால் கட்டி வாய்க்காலில் விடுவார். ஒரு கொத்து வந்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு கொத்தை ஒன்றாகக் கட்டி விட்டால், ஏறி வா என்று அர்த்தம். சம்முகம் அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கம்பி வலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பீடிதான் மேனேஜர் கண்ணில் பட்டது.

"மேல ஒருத்தன் வேலை பாக்கான், சரி. கீழ நிக்கவன் என்ன பாக்கான்? தண்ணியத்தான பாக்கான்? தண்ணியப் பாக்க ஒரு ஆளா?" என்று கேட்டு, சம்முகம் அண்ணாச்சியை நிறுத்திவிட்டார். அவர் ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போய்விட்டார்.

இவரிடம் மேனேஜர், "மாடசாமி, நீ ஒருத்தனே ரெண்டாளுக்குச் சமம்டே" என்றாராம். பேரை நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். இந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து அதை என்னிடம் ஒப்பித்தார்.

"அப்பம் ரெண்டு எலை போடட்டுமா?" என்றேன்.

"ஒனக்குப் பொறாமைட்டி."

"ஆமா, பொறாமைதான். ரெண்டாளா இருக்கியள்லா, விழுந்தா எந்த ஆளு வந்து தூக்குவாவ? மொத ஆளா, ரெண்டாவது ஆளா?"

"நான் ஏன் விழப்போறேன்? எனக்குத் தெரியாத பாறையா அது?"

சிரித்துக்கொண்டுதான் பேசினோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தப் பாராட்டின் மேல்தான். ஒரு ஆளைக் குறைக்க வேண்டுமென்றால் மீதி ஆளைப் புகழ்ந்தால் போதும். மீதி ஆள் சந்தோஷமாக இரண்டு மடங்கு ஏறுவான்.

ஆடி மாதம், சாரல் பிடித்துக் கொட்டிய ஒரு நாள், தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. பங்களாவுக்குப் போய்க் கேட்டேன். மேனேஜர் வெளியே வரவில்லை. சன்னல் வழியாகவே சொன்னார்.

"மேல போனான். எறங்குனத நான் பாக்கல. எஸ்டேட் பக்கம் சீட்டாடப் போயிருப்பான். காலைல வருவான், போ."

"அவுக சீட்டாட மாட்டாவய்யா."

"பொண்டாட்டிட்ட சொல்லிட்டா சீட்டாடுவான்?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். மலையேறிப் பார்க்கத் துணைக்கு ஒரு ஆள் கேட்டேன். விருந்தாளிகள் இருக்கிற இடத்தில் சத்தம் போடாதே என்று சன்னலைச் சாத்தினார்.

இருட்டிலும் மழையிலும் ஒத்தையில் ஏற வழியில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன். விடிந்ததும் ஓடினேன். பங்களாவின் பின்புறம் பெருக்குகிற வள்ளி, கம்பி வலையில் தேங்கியதை வாரியலால் இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவளுக்குக் கோபம்.

"யக்கா, ஒன் வீட்டுக்காரரு மேல என்னத்தத்தான் சுத்தம் பண்ணுதாரு? நேத்து மத்தியானத்துலேர்ந்து குப்பை குப்பையா வருது. அள்ள அள்ள வருது. மேனேசரு என்னையப் போட்டு ஏசுதாரு."

நான் குனிந்து பார்த்தேன். அது குப்பை இல்லை. எல்லாம் கொத்து. காம்புகளைச் சுற்றிச் சிவப்புக் கரை போட்ட துணிக் கிழிசல். அவர் தோளில் போட்டுக்கொண்டு போன துண்டு. இரண்டிரண்டு கொத்தாகச் சேர்த்துக் கட்டியிருந்தது.

ஏறி வா. ஏறி வா. ஏறி வா.

கீழே ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், யாராவது ஒருவர் கண்ணில் படாதா என்று முதல் நாள் மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இங்கே கூட்டி அள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த வழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூட்டச் சொன்னார்கள், கூட்டினாள்.

ஐந்தருவிக்கு ஓடினேன். சம்முகம் அண்ணாச்சி ஒரு பெரிய உடம்புக்காரரைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரெட்டைக் கொத்து வந்திருக்கு" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"ஏய், பாதி முதுகு கெடக்கு!" என்று கீழே கிடந்தவர் கத்தினார்.

"மீதிய அருவி தேச்சிவிடும், போங்க!"

எண்ணெய் வடியும் கையோடு அவரும், கூட வேலை பார்த்த இரண்டு பேரும் என்னோடு ஏறினார்கள்.

வாய்க்கால் தொடங்குகிற இடத்தில், இரண்டு பாறைக்கு நடுவில் கிடந்தார். இடது கால் இடுக்கில் மாட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. கால் முழுக்க அட்டை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த செடிகளில் ஒரு இலைகூட மீதியில்லை. துண்டு தீர்ந்துபோய் வேட்டியைக் கிழிக்கத் தொடங்கியிருந்தார்.

"கொத்து வந்துச்சாட்டி?"

"வந்துச்சு. எல்லாம் வந்துச்சு. கூட்டி அள்ளிட்டாவ."

எலும்பு வெளியே தெரிந்தும் அழாமல் கிடந்த மனிதர் அதைக் கேட்டு அழுதார்.

தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். வாசலில் கார் நின்றது. அது விருந்தாளிகள் கார் என்றார் மேனேஜர். குதிரை வண்டியில் காலை வெளியே நீட்டிப் படுக்கவைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குதிரைகூட அன்றைக்குப் பார்த்துத்தான் நடந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப விழுந்தாரு?"

"நேத்து மத்தியானம், டாக்டரையா."

"நேத்தா? இவ்வளவு நேரம் என்னம்மா செஞ்சிட்டு இருந்தீங்க?"

இதுதான் அந்தக் கேள்வி. கேட்ட ஆள்தான் தப்பு. அங்கன சன்னலுக்குள் இருந்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

இது திறந்த முறிவு (உடைந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது). சீக்கிரம் கொண்டுவந்து கழுவிக் கட்டினால் பிழைக்கிற கால்தான். இது ஓடைத் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறிக் கிடந்துவிட்டது. தனுர்வாதத்துக்கு (காயம் வழியாக விஷம் ஏறித் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைகிற நோய்) ஒரு ஊசி. அப்புறம் பெனிசிலின் (காயத்தில் சீழ் பிடிக்காமல் தடுக்கிற மருந்து), அதுவும் ஊசிதான். இவ்வளவும் போட்டும் சீழ் முட்டிக்கு மேலே ஏறினால் காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்.

"விழுந்ததுல எலும்புதான்மா ஒடஞ்சுது. காலு கெட்டது, கெடந்ததுல."

எனக்கு எழுத்துதான் வராது, இந்தப் பேச்சை நான் இன்றுவரை மறக்கவில்லை. விழுந்தது பாறையால். கிடந்தது ஆளில்லாததால். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பினால் அவர்களுக்குச் சௌகரியம்.

காலில் சிவப்பு ஏறியிருந்த இடத்தில் டாக்டர் பேனா மையால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டி செவப்பு ஏறுச்சுன்னா ஒடனே கூப்பிடுங்க" என்றார்.

அதன்பிறகு நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்தேன். தண்ணியைப் பார்க்க ஒரு ஆளா என்று கேட்டார் அல்லவா மேனேஜர், அவர் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கோட்டைப் பார்க்க ஒரு முழுப் பொம்பளை. சமைக்கவில்லை, துவைக்கவில்லை. மாமியார் சோறு கொண்டுவந்து, "ஏட்டி, ஒரு வாய் தின்னுட்டுப் பாரு, கோடு எங்கயும் ஓடிராது" என்பாள். "கோடு ஓடாது அத்தை, செவப்புதான் ஓடும்" என்பேன்.

காய்ச்சலில் அவர் போர்வை நூலைப் பிரித்துப் பிரித்து முடிச்சுப் போடுவார். போட்ட முடிச்சை என் கையில் வைத்து அழுத்துவார். "வந்துட்டு" என்பேன். அதற்கப்புறம்தான் கண்ணை மூடுவார். உங்கள் ஆளும் காய்ச்சலில் இப்படி ஏதாவது செய்தால், உளறாதீங்க என்று சொல்லாதீர்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல் கிடந்த உடம்பு அது. பதில் சொல்லுங்கள்.

அந்த நாட்களில்தான் மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"எப்படிடே விழுந்த மாடசாமி? பாசி இருக்கும்னு தெரியாதா? பாத்து ஏறக்கூடாது?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"பாத்துத்தான் ஏறுனாவ. ஏறுனவுகளப் பாக்கத்தான் ஆளில்ல."

"நல்லது நெனச்சு வந்தா இப்படிப் பேசுதியே."

"நல்லதுதான் ஐயா. பழம் ஷோக்கா இருக்கு. வாய்க்கால்ல விட்டுருக்கலாம்லா, தானா உருண்டு வந்திருக்கும். நீங்க எதுக்கு அலைஞ்சிய?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டு, தையல் வலிக்கிறதே என்று கத்தினார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேனேஜர் போனபிறகு, "எனக்கு ஒரு காலு போச்சுன்னா அந்தப் பாறையில எப்படி ஏறுவேன்?" என்று கேட்டார். வந்த கோபத்தில் உடைந்த கால் எது, உடையாத கால் எது என்று பார்க்காமல் அடித்திருப்பேன்.

ஒருநாள் மத்தியானம் சிவப்பு கோட்டைத் தொட்டது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். தாண்டிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் நர்சம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். டாக்டர் ஓடிவந்து அன்றைக்கே கீறி, உள்ளே கட்டியிருந்த சீழை எடுத்தார். வெளியே வந்து, "இன்னைக்கே கூப்பிட்டீங்க. ராத்திரி தாண்டியிருந்தா காலை எடுத்திருப்பேன்" என்றார்.

பார்க்க ஒரு ஆள் இருந்ததால் கால் மிஞ்சியது. நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. மருந்துக்கும் யாராவது சத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் இழுவைக்கட்டு (காலில் கயிறு கட்டி, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு எலும்பை நேராக்குவது). அப்புறம் மாக்கட்டு. வீட்டுக்கு வந்த பிறகும் புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. ஒருநாள் கட்டுப் பிரிக்கும்போது நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. செத்த எலும்பாம் (ரத்தம் போகாமல் பட்டுப்போன துண்டு). உடம்பே அதைத் தள்ளிவிடும் என்றார் டாக்டர். அது வந்தபிறகுதான் புண் மூடியது. கால் குட்டையாகிவிட்டது. முட்டி மடங்காது. கட்டிலிலிருந்து வாசல்வரை நடக்கக் குழந்தை மாதிரி கற்றுக்கொண்டார். நான் குழந்தையை ஏசுவது மாதிரி ஏசினேன். ஏச்சு கேட்டால் வேகமாக நடப்பார்.

இடையில் தூக்குச்சட்டியை எடுக்கப் பங்களாவுக்குப் போயிருந்தேன். வள்ளி குப்பைக்குழியில் இறங்கி, கொத்துகளை எல்லாம் பொறுக்கி ஒரு ஓலைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். என் கையில் கொடுத்தாள். வீட்டுப் பரணில் வைத்தேன்.

அடுத்த சாரல் வந்தது. வள்ளி வீட்டுக்கு ஓடிவந்தாள். "யக்கா, ராயகிரிப் பக்கத்துலேர்ந்து புது ஆளு வந்திருக்கான். போன ஆனியிலதான் கல்யாணமாம். அவனையும் ஒத்தையிலதான் ஏத்துதாவ. நீ ரெண்டாளுக்குச் சமம்னு அவன்ட்டயும் சொல்லுதாரு."

என் வீட்டுக்காரர் குட்டைக் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பரணிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கினேன்.

பங்களா வராந்தாவில் விருந்தாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தலையோடு ஒரு அம்மாள், அவர் வீட்டுக்காரர், பக்கத்தில் மேனேஜர். நான் நேராகப் போய்க் காய்ந்த கொத்துகளை எல்லாம் அவர்கள் காலடியில் கொட்டினேன்.

"ஏ, என்ன குப்பையக் கொண்டாந்து கொட்டுத?" என்று மேனேஜர் எழுந்தார்.

"உங்க குப்பைதான் ஐயா. போன வருசம் அள்ளுனது."

"என்னம்மா இது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. நீங்க குளிக்குத தண்ணியில போன சாரலுக்கு வந்தது. எங்க வீட்டுக்காரரு காலு ஒடஞ்சு மேல கெடந்தாவ. ஆள் வேணும்னு இதக் கட்டிக் கட்டி விட்டாவ. அவுக ரத்தமும் கூடக் கொஞ்சம் வந்திருக்கும். மேலுக்கு நல்லதுதான், மூலிகை கணக்கா."

அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த வருசமும் ஒருத்தன ஒத்தையில ஏத்தி விட்டிருக்காவ. கீழ பாக்க ஆளில்ல. நீங்கதான தெனமும் குளிக்கிய? தண்ணி நெறம் மாறுச்சுன்னா மட்டும் ஒரு சத்தம் குடுங்கம்மா. நாங்க ஓடியாந்துருவோம்."

அன்று சாயங்காலமே மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனம் மாறி வந்தார் என்று நினைக்காதீர்கள். விருந்தாளிகள் பெட்டி கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் வந்தார். எனக்கு அது போதும். மனம் மாறுவதற்குக் காத்திருந்தால் ராயகிரிக்காரன் விழுந்திருப்பான். "தொட்டிப் பக்கத்துல மாடசாமி வந்து உக்காரட்டும்" என்றார். உட்கார்ந்தார். மேலே ஏறுகிற ஒவ்வொரு ஆளுக்கும் கொத்துக் கட்டுவதை இவரே சொல்லிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டு ஆள் தனியாக வேலைக்குப் போனால், எப்போ வருவீங்க என்று கேட்காதீர்கள். வராவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தூக்குச்சட்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.

அந்தக் கால் அதன்பிறகு வேறு மாதிரியானது. தென்காசிக்குக் காற்று வருவதற்கு முன்பே அதற்குச் சாரல் தெரியும். எனக்கும் ஒன்று மாறியது. சருகைக் கூட்டும்போது, முடிச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் என் வாரியல் நகராது. எங்கள் வீட்டில் நேரம் மணிக்கணக்கில் போகவில்லை. ஒரு சத்தத்துக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் இருந்ததுதான் நேரம். அவர் கொல்லைப்பக்கம் போய்த் தாமதித்தால் நான் இருமுவேன். அங்கிருந்து அவர் இருமுவார். அவர் போய்ச் சேர்கிறவரைக்கும் அப்படித்தான். இப்போதும் சில நேரம் என்னையறியாமல் இருமிவிடுகிறேன். பேத்தி தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள்.

அவர் முதன்முதலாகத் தொட்டியருகில் உட்காரப் போன அன்றைக்குக் கிணற்றடியில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு இப்ப என்ன வேலை பாக்காரு?"

"தண்ணியப் பாக்காவ" என்றேன்.

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "தண்ணியப் பாக்க ஒரு ஆளா?"

"ஆமாக்கா. மேல ஒருத்தன் இருக்கானா இல்லியான்னு பாக்குத வேலை. அதுக்கு ஒண்ணரைக் காலே போதுமாம். இத பங்களாக்காரவுக போன வருசமே கண்டுபிடிச்சிருந்தா, எங்க வீட்டுல ரெண்டு காலும் முழுசா இருந்திருக்கும்."